பழைய டீசல் வேன் ஹீட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெம்போ டிராவலர் மாதிரி பழைய டீசல் வேனைச் சுற்றுலாவுக்கும் பள்ளி டிரிப்புக்கும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதியது இது. 1987-இல் வந்த அந்த வண்டியின் அமைப்பும், அதன் நான்கு சிலிண்டர் ஓ.எம். 616 வகை எஞ்சினும் மெர்சிடிஸிலிருந்து வந்தவை. பழைய வகை எஞ்சினில் டீசல் முதலில் ஹெட்டுக்குள் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) இருக்கும் ஒரு சின்ன அறையில் பற்றி, அங்கிருந்து குறுகிய வாய் வழியாகச் சிலிண்டருக்குள் பாயும். பாயும்போதே ஹெட்டின் சுவருக்கு நிறைய வெப்பத்தைக் கொடுத்துவிடும். அதனால் இன்றைய நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினைவிட இதில் கூலிங் சிஸ்டத்துக்கு வேலை அதிகம். மற்ற பழைய டீசல் வேன்களுக்கும் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி பொருந்தும்.

வண்டி ஹீட் ஆகுது. முதலில் எந்தப் பார்ட்டை மாற்றணும்?

எதையும் மாற்ற வேண்டாம். எப்போது ஹீட் ஆகிறது என்று முதலில் கவனியுங்கள். நின்றுகொண்டிருக்கும்போதா, நெடுஞ்சாலை வேகத்திலா, மலை ஏறும்போதா, ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயேவா? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்று போதவில்லை. வேகமாக ஓடும்போது ஏறி, மெதுவாகப் போனால் இறங்கினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

பட்டறைக்குப் போனதும் "தெர்மோஸ்டாட் போட்டாச்சு, பம்ப் போட்டாச்சு, ரேடியேட்டர் போட்டாச்சு, இன்னும் ஹீட் ஆகுது" என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பணம் போனதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிப் பார்த்துக்கொண்டே ஓட்டிய அந்த இடைவெளியில்தான் ஹெட் வளைந்துபோகிறது.

மீட்டர் முள் காட்டுவதை நம்பலாமா?

பழைய வண்டியில் நம்பக் கூடாது, சரிபார்க்க வேண்டும். ஹெட்லைட் போட்டதும் முள் ஏறுகிறது, அணைத்ததும் இறங்குகிறது என்றால் எர்த் கோளாறு; எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே இருக்கும் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைத் தேய்த்து மாட்டுங்கள். பெரும்பாலான பழைய மீட்டர்களில் சென்சார் வயரைக் கழற்றினால் முள் குளிர்ந்த பக்கம் விழும். அந்த வயரை எஞ்சின் பாடியில் தொட்டால் சூடான பக்கம் முழுக்க ஏறும். இரண்டும் நடந்தால் மீட்டரும் வயரும் சரி, சந்தேகம் சென்சார் மேல்தான்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது எந்த வேன்காரருக்கும் பிரயோஜனம். தெர்மோஸ்டாட் (எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) கூடு மேல் பிடித்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியாக வரும்.

இன்னொன்று முக்கியம். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் வற்றி அது ஆவியிலும் காற்றிலும் நிற்கும்போது முள் கீழே இறங்கக்கூடும். மேலே ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று விழுந்தால் "சரியாயிடுச்சு" என்று நினைத்து ஓட்டாதீர்கள். உடனே ஓரம் கட்ட வேண்டிய நேரம் அதுதான்.

ஊருக்குள் டிராஃபிக்கில் ஏறுது. வெளியே வந்து ஐம்பதில் ஓட்டினால் இறங்கிடுது. ஏன்?

வண்டி நகரும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. ஆகவே சந்தேகம் ஃபேன் மேல்.

முதலில் பெல்ட். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போனால் தளர்வு. பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடி மாதிரி மினுங்கினால் அது வழுக்கிக்கொண்டிருக்கிறது. இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றுங்கள்.

அடுத்து ஃபேன் கிளட்ச். நடுவே சிலிகான் எண்ணெய் இருக்கும் விஸ்கஸ் வகை என்றால், ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டுக்கு ஏற்ப அது இறுகிப் பிடிக்கும். எஞ்சின் நன்றாகச் சூடாயிருக்கும்போது வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். எதிர்ப்பு தெரிய வேண்டும். ஒரு தட்டு தட்டினால் பல சுற்று சுழன்றுகொண்டே போனால் கிளட்ச் போய்விட்டது. கிளட்ச் நடுவிலிருந்து எண்ணெய் வழிந்து, தூசி பிடித்த கோடுகள் தெரிந்தாலும் அதே அர்த்தம்தான். நல்ல கிளட்ச் இருந்தால், சூடான எஞ்சினை முறுக்கும்போது ஃபேன் இரைச்சல் காதில் விழும்.

ஃபேனைச் சுற்றியுள்ள கூடு இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் இடித்துச் சரிசெய்த வண்டிகளில் இதை மறுபடி மாட்டாமல் விட்டிருப்பார்கள். கூடு இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், அக்கம்பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். பிளாஸ்டிக் துண்டுதானே என்று விட்டுவிடுவது பெரிய தவறு.

ஏ.சி. வைத்த வண்டியில் ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்சர் இருந்தால், இரண்டுக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே சுத்தமாகத் தெரியும். நடுவில் பூச்சி, வைக்கோல் தூசு, இலைச் சருகு என்று மெத்தை கட்டியிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளும்படி தண்ணீர் அடியுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கி, காற்று போகவே வழியில்லாமல் ஆகிவிடும்.

டிராஃபிக்கில் சரியா இருக்கு, ஆனால் நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் மெல்ல ஏறுது?

இது பெரும்பாலும் ரேடியேட்டருக்கு உள்ளே இருக்கும் அடைப்பு. வேகத்தில் எஞ்சின் அதிக வெப்பத்தைத் தள்ளுகிறது; பாதிக் குழாய்கள் உப்புப் படிந்து அடைத்திருந்தால் மீதிக் குழாய்களால் சமாளிக்க முடியாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் ரேடியேட்டர் முகத்தை வரிசையாக அளந்து வாருங்கள். தண்ணீர் உள்ளே வரும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைந்தால் நல்லது. நடுவே திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடங்கள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால், மேல் டாங்கின் ஈயப் பற்றைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மறுபடி பற்றவைக்கலாம். இதை நன்றாகச் செய்யும் ரேடியேட்டர் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்த பிறகு புதிது மாதிரி உழைக்கும். அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டாங்கும் உள்ள ரேடியேட்டருக்கு இந்த வேலை ஆகாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். வாட்டர் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம் அது. பழையதாகி மெத்தென்று ஆன ஹோஸ், எஞ்சினை முறுக்கும்போது உறிஞ்சலில் ஒட்டிப்போகும். நின்றிருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருவரை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஃபேனுக்குத் தள்ளி நின்று கவனித்தால் தெரியும். சில ஹோஸ்களுக்குள் இதற்காகவே கம்பிச் சுருள் இருக்கும். அது துருப்பிடித்துக் கரைந்திருந்தாலும் இதே கதை.

வாட்டர் பம்பில் உள்ளே இருக்கும் சக்கரத்தின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். உப்புத் தண்ணீர் மட்டுமே ஊற்றிய வண்டிகளில் இது சகஜம். வெளியே சொட்டாத பம்ப்பும் உள்ளே தண்ணீரைத் தள்ளாமல் இருக்கும்.

சமவெளியில் ஒரு தொந்தரவும் இல்லை. மலை ஏறினால் மட்டும் ஹீட். இது சகஜம்தானே?

முள் கொஞ்சம் ஏறுவது சகஜம். சிவப்பைத் தொடுவது சகஜமில்லை. நல்ல நிலையில் இருக்கும் வேன் முழு லோடுடன் ஊட்டி ஏற வேண்டும்.

மலைதான் கூலிங் சிஸ்டத்துக்கு உண்மையான பரீட்சை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி சுமார் 2,200 மீட்டர். வண்டி மெதுவாகப் போகும், அதனால் எதிர்க்காற்று இல்லை. எஞ்சின் முழு மூச்சில் வேலை செய்யும், அதனால் வெப்பம் உச்சம். மேலே போகப் போகக் காற்றும் மெலிகிறது. 2,200 மீட்டரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் முக்கால் பங்கு திறனோடு சமாளித்துக்கொண்டிருந்த ரேடியேட்டர், மூடி, ஃபேன் எல்லாம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஆகவே மலையில் மட்டும் ஹீட் ஆகிறது என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பாருங்கள், முதலில் ஃபேன் கிளட்சையும் ரேடியேட்டர் மூடியையும்.

ஓட்டும் விதமும் இதில் சேரும். மூன்றாவது கியரில் திணறிக்கொண்டு ஏறுவதைவிட இரண்டாவதில் கொஞ்சம் சுற்று கூட்டி, ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து மிதித்து ஏறுங்கள். ஃபேனும் வாட்டர் பம்ப்பும் எஞ்சின் சுற்றோடு சுழல்பவை; சுற்று கூடினால் காற்றும் தண்ணீர் ஓட்டமும் கூடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையின் 40 வளைவுகளிலும் அனுபவமுள்ள டிரைவர்கள் இப்படித்தான் ஏற்றுவார்கள். உச்சிக்கு வந்ததும் உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். டர்போ உள்ள எஞ்சினுக்கு இது கட்டாயம்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டால் ஹீட்டே ஆகாது என்கிறாரே மெக்கானிக் அண்ணன்?

நம் ஊரில் மிகப் பரவலான பழக்கம் இது. எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. தெர்மோஸ்டாட்டுக்கு வெளி வெயிலோடு சம்பந்தமில்லை. எஞ்சின் தண்ணீர் சுமார் 80 டிகிரியைத் தாண்டும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைத்து, எஞ்சினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவதும், பிறகு அதே சூட்டில் நிறுத்துவதும்தான் அதன் வேலை.

அதைக் கழற்றினால் எஞ்சின் குளிர்ச்சியாகவே ஓடும். டீசல் முழுதாக எரியாது, எண்ணெயில் கலக்கும், சிலிண்டர் தேயும், மைலேஜ் குறையும். அதைவிட முக்கியமாக, ஓ.எம். 616 போன்ற எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. ஒன்று ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, இன்னொன்று பைபாஸ் வழியை மூடும். வால்வைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஹீட் குறைய வேண்டும் என்று செய்த வேலையே ஹீட்டைக் கூட்டும்.

சந்தேகம் இருந்தால் சோதிப்பது எளிது. வால்வைக் கழற்றி, பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். வால்வின் மேலேயே திறக்கும் டிகிரி பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்குமேல் சுமார் 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். பாதியில் நின்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய், பைபாஸ் தட்டு இருக்கிறதா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டும்போது காற்று போகும் சிறு துளை மேல்பக்கம் வரட்டும்.

தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் குறையுது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே போகுது?

தண்ணீர் தானாகக் காணாமல் போகாது. சொட்டுகிறது, ஆனால் சூட்டில் உடனே ஆவியாகிறது. அல்லது எஞ்சினுக்குள் போகிறது. அல்லது மூடி வழியாகக் கொதித்து வெளியேறுகிறது.

ரேடியேட்டர் கடைகளில் கைப் பம்பும் மீட்டரும் சேர்ந்த பிரஷர் டெஸ்டர் இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. இப்போது சாவகாசமாகத் தேடலாம்: ஹோஸ் கிளிப்புகள், ரேடியேட்டர் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை. அந்தத் துளையிலிருந்து நீர்க் கறை வழிந்திருந்தால் பம்பின் சீல் போய்விட்டது. துளையை எம்-சீல் வைத்து அடைக்காதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்ப் இறுகிவிடும். ஹீட்டர் உள்ள வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியில் மிதியடி நனைந்திருக்கிறதா, கண்ணாடியில் ஒட்டும் பனி படிகிறதா என்றும் பாருங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கா என்று ஹெட்டைக் கழற்றாமலே எப்படி உறுதி செய்வது?

முடியும். ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட். கழற்றும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள்.

எளிய சோதனை: காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வாய் வரை தண்ணீர் நிரப்புங்கள். வாட்டர் பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாமல் நிற்கும். அப்போது குமிழி தொடர்ந்து வந்தால் அது எரிந்த வாயு. பெல்ட்டைக் கழற்றாமல் பார்த்தால், ஏற்கெனவே உள்ளே இருந்த காற்று வெளியேறுவதைக் குமிழி என்று நினைத்து ஏமாறலாம்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள எஞ்சினில், எந்தச் சிலிண்டர் என்றும் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு நாசிலின் (டீசலைப் பீய்ச்சும் முனை) டீசல் பைப் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தும்போது குமிழி நிற்கிறதோ அங்கேதான் கசிவு. எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே டீசல் ஆயிரம் பாருக்கு மேலான அழுத்தத்தில் இருக்கும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரிடும்.

நீல நிறத் திரவத்தின் வழியாக ரேடியேட்டர் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் கருவியும் உண்டு. எரிந்த வாயுவில் இருக்கும் கரியமில வாயு பட்டால் திரவம் மஞ்சளாகும். பெட்ரோல் வண்டிக்கு இது நம்பகமானது. டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் அதிகக் காற்றோடு எரிவதால் கரியமில வாயு குறைவு. நிறம் மாறாமலே ஏமாற்றலாம். லோடில் ஓட்டிவிட்டு வந்து, சற்றுச் சுற்று கூட்டி வைத்துச் சோதியுங்கள். தண்ணீர் கருவிக்குள் ஏறாதபடி ரேடியேட்டர் அளவைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். சூடான மூடியைத் திறக்க அவசரப்பட வேண்டாம். ஹோஸ் கைக்கு மெத்தென்று ஆகும் வரை பொறுங்கள்.

கம்ப்ரஷன் பார்ப்பதானால் டீசலுக்கான கேஜ் வேண்டும். இந்த எஞ்சின்களின் கம்ப்ரஷன் விகிதம் 21-க்கு 1 அளவில் இருக்கும். பெட்ரோல் கேஜ் உடைந்துவிடும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டிலும் குறைவாக வந்தால், இரண்டுக்கும் நடுவே கேஸ்கெட் எரிந்திருக்கிறது.

எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கு. ஹெட் கேஸ்கெட்தானே?

அவசரப்படாதீர்கள். ஆயில் குச்சியில் பால் காப்பி நிறத்தில் குழம்பு தெரிந்தால் தண்ணீர் எண்ணெய்க்குள் போகிறது: கேஸ்கெட், ஹெட் விரிசல், அல்லது பிளாக். ஆனால் ரேடியேட்டரில் மட்டும் எண்ணெய் மிதந்து, ஆயில் குச்சி சுத்தமாக இருந்தால், தண்ணீரால் குளிரும் ஆயில் கூலர் உள்ள எஞ்சினில் முதலில் அதைச் சோதியுங்கள். ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரைவிட அதிகம், அதனால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் தள்ளப்படும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஹெட்டைக் கழற்றிச் செலவு செய்தவர்கள் உண்டு. குறுகிய தூரமே ஓடும் வண்டியில், எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை தெரிவது காற்றின் ஈரம்தான்.

ரேடியேட்டர் மூடியில் என்ன இருக்கு? எல்லாம் ஒரே மாதிரிதானே?

ஒரே மாதிரி இல்லை. பிரஷர் குக்கர் போலத்தான் வேலை. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும். 0.9 என்று எழுதிய மூடி கடல்மட்டத்தில் தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 118 டிகிரிக்குக் கொண்டுபோகும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியில் 100-ஐத் தாண்டுவதற்கே சிரமம். சில மூடிகளில் பாரிலும் சிலவற்றில் கிலோபாஸ்கலிலும் சிலவற்றில் பி.எஸ்.ஐ.யிலும் எழுதியிருக்கும், 0.9-உம் 90-உம் 13-உம் கிட்டத்தட்ட ஒன்றே. அதிக அளவுள்ள மூடி போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், பழைய ரேடியேட்டரின் பற்று விட்டுவிடும்.

மூடியின் நடுவே இன்னொரு சின்ன வால்வு உண்டு. எஞ்சின் குளிரும்போது ரிசர்வ் பாட்டில் தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுப்பது அதுதான். அது ஒட்டிக்கொண்டால், காலையில் ஹோஸ் சப்பிப் போயிருக்கும், பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டுத் "தண்ணீர் இருக்கு" என்று கிளம்புபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

நம் ஊரில் உறைபனி இல்லையே, வெறும் தண்ணீர் போதாதா?

கூலன்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை ஏற்றுகிறது, வாட்டர் பம்ப் சீலைக் காக்கிறது. உறைவதைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. போர்வெல் தண்ணீரைச் சூடாக்கினால் அதிலிருக்கும் சுண்ணாம்பு படியும். வீட்டுக் கெட்டிலில் வெள்ளையாக ஒட்டுவதேதான் எஞ்சினின் சூடான சுவர்களிலும் ஒட்டுகிறது. கான்சென்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டருடன் 30 முதல் 50 சதவீதம் கலவுங்கள். நேராக ஊற்றக் கூடாது, அதிலிருக்கும் கிளைகால் (கூலன்ட்டின் மூலப்பொருள்) மட்டும் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். ரெடிமிக்ஸ் வாங்கினால் அதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். டப்பாவில் எழுதியிருப்பதைப் படியுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்கிறார்களே?

வழியில் மாட்டிக்கொண்டால், ஊசி ஓட்டை அளவு கசிவு தற்காலிகமாக நிற்கும் என்பது உண்மை. ஊர் வந்து சேர்ந்ததும் முழுவதையும் வடித்து அலசிவிட வேண்டும். அது ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்தே அடைக்கும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் பொடிக்கும் இதே எச்சரிக்கை.

அதேபோல் ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்வதும் ஆபத்து. அலுமினிய பாகங்களையும் பற்றுகளையும் அது தின்றுவிடும். உப்பு நீக்க சிட்ரிக் ஆசிட் கரைசல் போதும், பிறகு பலமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

தண்ணீர் மாற்றிய பிறகுதான் ஹீட் ஆக ஆரம்பித்தது. ஏன்?

உள்ளே காற்று அடைத்திருக்கும். முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் சூடான பக்கம் முழுக்கத் திறந்து, மெதுவாக நிரப்புங்கள். காற்று விடும் ஸ்க்ரூ இருந்தால் அதில் குமிழியில்லாமல் தண்ணீர் வரும் வரை திறந்து வையுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஐட்லிங்கில் விட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். மறுநாள் காலை குளிர்ந்தபின் மறுபடி பாருங்கள்.

நடுவழியில் முள் சிவப்புக்குப் போய்விட்டது. என்ன செய்வது?

ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுக்கத் திறந்துவிடுங்கள், ஓரம் கட்டுங்கள். தண்ணீர் கொட்டவில்லை, பெல்ட் அறுந்துபோகவில்லை என்றால் சற்றுச் சுற்று கூட்டி ஐட்லிங்கில் ஓடவிடலாம். முள் மெல்ல இறங்கும். ஆவி பீறிட்டாலோ, பெல்ட் அறுந்திருந்தாலோ, முள் இறங்கவில்லை என்றாலோ உடனே அணையுங்கள்.

மூடியைத் தொடாதீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம். பயணிகள் அவசரப்படுத்தினாலும் சரி. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருக்கும் தண்ணீர் மொத்தமாகக் கொதித்து முகத்தில் அடிக்கும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் வேண்டாம், ஹெட் அங்கேயே விரிசல் விடலாம். ஆறிய பிறகு, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

ஹெட்டைக் கழற்றியாக வேண்டும் என்றாகிவிட்டது. பட்டறையில் எதைக் கேட்டு வாங்கணும்?

ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து காட்டச் சொல்லுங்கள். 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் லேத்தில் ஃபேஸ் பண்ண வேண்டியிருக்கும், ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குக் கம்பெனி எல்லை உண்டு. எரியும் சின்ன அறை தனியாகப் பொருத்தப்பட்ட ஹெட்டில், முகத்தைச் சீவிய பிறகு அந்த அறை வெளியே நீட்டியிருக்கும் அளவும் வால்வு உள்ளே அமர்ந்திருக்கும் ஆழமும் மாறிவிடும். அதைச் சரிசெய்யாமல் பூட்டக் கூடாது. விரிசல் பார்க்க ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவிலும், அந்தச் சின்ன அறையின் வாயைச் சுற்றியும்தான் விரிசல் விழும். புது கேஸ்கெட் மட்டும் போட்டு மூடிய ஹெட் இரண்டு மாதத்தில் திரும்பி வருவது இதனால்தான்.

போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கட்டம் கட்டமாக இறுக்க வேண்டும். நீளும் வகைப் போல்ட்டு என்றால் நீளத்தை அளந்து, எல்லை தாண்டியதை மாற்ற வேண்டும். ஹெட் பழுதானதற்குக் காரணமான ரேடியேட்டர் அடைப்பையோ ஃபேனையோ சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

எல்லாம் சரி பார்த்தாச்சு. இன்னும் ஹீட் ஆகுது?

அப்படியானால் கூலிங் சிஸ்டம் சரி, எஞ்சின்தான் அளவுக்கு மீறி வெப்பம் உண்டாக்குகிறது. கொஞ்சம் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கரங்களின் சூட்டை அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. கிளட்ச் வழுக்குகிறதா பாருங்கள். கறும்புகை வந்தால் டீசல் பம்ப் கடையில் நாசிலையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். "பிக்கப் வரணும்" என்று பம்பில் டீசலைக் கூட்டி வைத்த வண்டிகள் மலையில் நிச்சயம் ஹீட் ஆகும். சைலன்சர் உள்ளே உடைந்து அடைத்திருந்தாலும் வெப்பம் வெளியே போக வழியிருக்காது.

பழைய வேன் வாங்கப் போகிறேன். கூலிங் பக்கம் என்ன பார்க்கணும்?

எஞ்சினைச் சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த நிலையில் காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள்: துரு நிறமா, எண்ணெய் மிதக்கிறதா, மஞ்சள் தூள் வாசனையா. அன்றைக்குத்தான் புதுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதைக் கையாலேயே அறியலாம்: ஸ்டார்ட் செய்தபின் மேல் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்திருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. பிறகு முடிந்தவரை ஒரு மேட்டில், ஆள் ஏற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு விலை பேசுங்கள்.